வீட்ல தான் இருக்கா

சம்பந்தத்தைப் பார்த்துத்தான் டாக்டர் கேட்டார். "இவங்க என்ன வேலை பண்றாங்க?"

"வேலைன்னு ஒண்ணும் இல்லைங்க சார். வீட்ல தான் இருக்கா. காலையில இஸ்கூல் கிரவுண்டுல ரிங் ஆடிகினு இருக்கா. அதான் பேஜாரு."

அவன் பெண்டாட்டி ஸ்வர்ணலதா மேஜைமேல் மல்லாந்து படுத்திருந்தாள். முட்டி மடங்காமல் அவளுடைய வலது காலை டாக்டர் தூக்கியபோது, இடுப்பிலிருந்து கணுக்கால்வரை பழுக்கக் காய்ச்சிய கம்பியை யாரோ உருவினார்கள். தறி நெய்கிறேன் என்று சொல்ல வாயைத் திறந்தாள். முனகல்தான் வந்தது.

"டிஸ்க் நரம்பை அழுத்துது. ஆட்டத்தை விட்டுடச் சொல்லுங்க." அதையும் சம்பந்தத்திடம்தான் சொன்னார்.

வேலூரிலிருந்து ஆரணிக்குப் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். பதினாறு வருஷமாகக் காலை ஏழு மணிக்குத் தறிக்குழியில் இறங்குகிறாள். வலது கால் குழிக்குள் மிதிபலகையை மிதித்துக்கொண்டே இருக்கும்; மிதித்தால்தான் இழை பிரியும். ரிங் ஆடுவது நாற்பது நிமிஷம். முதல் பத்து நிமிஷம் கால் இழுக்கும், பிறகு மெல்ல விட்டுக்கொடுக்கும். இடது காலை முன்வைத்து நிற்கப் பழகியிருந்தாள். தாழ்ந்து வரும் ரப்பர் வளையத்துக்குக் குனிவதே இல்லை. "அது உன்னுதில்லடி, வுட்டுடு," என்று வலைக்கு அந்தப் பக்கம் லீலா சிரிப்பாள். ஆடிவிட்டு வரும்போதுதான் அவளால் நிமிர்ந்து நடக்க முடிந்தது. சாயங்காலம் குழியிலிருந்து எழ முடியாமல் அவள் கையை நீட்டும்போது தூக்கிவிடுகிறவன் யார்? பக்கத்து சீட்டில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தான்.

மறுநாள் விடிந்தபோது வளையத்தை அவன் பரண்மேல் போட்டிருந்தான்.

"முந்தி அரை முழம் பாக்கி. வெள்ளிக்கிழமை சேலையக் குடுக்கணும். ஜல்தியா குந்து," என்றான் சம்பந்தம். நூல் வாங்குவதும் நெய்ததைக் கொண்டுபோய்க் கொடுப்பதும்தான் அவன் வேலை.

"வீட்ல தான் இருக்கேன்னு டாக்டர்கிட்ட சொன்னீங்களே."

"அதுக்கு இன்னா இப்ப?"

"வீட்ல தான் இருக்கேன்." அவள் சுவரில் சாய்ந்து நின்றாள்.

"அவர் கேட்டாரு, சொன்னேன். அதப் போயி மனசுல வச்சிகினு..."

"தறின்னு ஒரு வார்த்த வந்துச்சா உங்க வாயில?"

அவன் தறியைப் பார்த்தான். பின்சுவருக்கு அப்பால் மைதானத்திலிருந்து லீலாவின் குரல் கேட்டது. "சொர்ணா, வர்றியா இல்லியா?"

ஸ்வர்ணலதா துணி உலர்த்தும் மூங்கில் கொம்பை எடுத்தாள். அண்ணாந்தபோது கால் சுண்டியது. பல்லைக் கடித்துக்கொண்டு கொம்பின் நுனியை வளையத்துக்குள் விட்டு இழுத்தாள். அது தரையில் விழுந்து, குதித்து, உருண்டு, நேராகப் போய்த் தறிக்குழிக்குள் விழுந்தது.

இரண்டு பேரும் குழியைப் பார்த்தார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை. கொம்பைச் சுவரில் சாய்த்தாள்.

"எடுங்க."

"இன்னாடி?"

"என்னால குனிய முடியாது. எடுத்துக் குடுங்க."

அவன் குழியின் ஓரத்துக்கு வந்தான். பிறகு வேட்டியை மடித்துக் கட்டி, அவள் உட்காரும் பலகையைப் பிடித்துக்கொண்டு குழிக்குள் காலை விட்டான். இருட்டில் துழாவிய கால் எதையோ மிதித்தது. அவன் முகத்துக்கு முன்னால் அரக்கு நிறப் பட்டு இழைகள் மேலும் கீழுமாகப் பிரிந்து, குறுக்கே ஓட வேண்டிய நாடாவுக்காகத் திறந்து நின்றன.