தேதி மட்டும் மாற்றிய கடிதம்

மைதிலி முனைவர் பட்டம் வாங்கி ஐந்து வருடம் ஆகப் போகிறது. புரதங்களின் வடிவத்தை ஆராய்வது அவள் துறை. வெளிநாட்டில் போஸ்ட்டாக் என்னும், பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு வேலைக்காகக் கடந்த ஒரு வருடத்தில் பதினோரு ஆய்வகங்களுக்கு விண்ணப்பித்திருந்தாள். ஏழு இடங்களில் நேர்காணல் நடந்தது. சிரித்துப் பேசினார்கள், பிறகு அவளுடைய கைடிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டார்கள், அதோடு சரி.

பதினோராவது ஸ்வீடன். வேறொருவரை எடுத்துவிட்டோம் என்ற வழக்கமான மின்னஞ்சல்தான். கீழே அந்தப் பேராசிரியை இரண்டு வரி சேர்த்திருந்தார்: "உங்கள் அம்மா சீக்கிரம் குணமடையட்டும். அவரை விட்டு வர முடிகிறபோது மறுபடி விண்ணப்பியுங்கள்."

மைதிலியின் அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

லாலாகூடாவில் இருக்கும் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறித் தன் ஆய்வு நிலையத்துக்குப் போனாள். கைடு அருணாசலம் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். போனை அவர் முன்னால் வைத்தாள்.

படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "அம்மா ஆபரேஷனுக்கு நீ நாலு மாசம் லீவு எடுத்தியே, அப்ப எழுதின லெட்டர்மா. அந்த கேப்புக்குக் காரணம் சொல்லணுமேன்னு, அம்மாவுக்கு உடம்பு சரியில்ல, இவதான் கூட இருந்து பாத்துக்கறான்னு நல்லதுக்குத்தான் எழுதினேன்."

"இப்ப அனுப்பினதுலயும் அதே வரியா சார்?"

"தேதியை மட்டும் மாத்தி..."

"லெட்டர் கேட்ட ஏழு பேருக்குமா?"

அவர் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

"அம்மா காரியத்துக்கு நீங்க வந்திருந்தீங்க சார். மாலை போட்டீங்க."

"வருஷத்துக்கு நாப்பது லெட்டர் எழுதறேன். ஒவ்வொண்ணையும் உட்கார்ந்து படிக்க முடியுமா?"

"தப்பு உங்களோடதுன்னு எல்லாருக்கும் எழுதுங்க."

"அப்படி எழுதினா என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"ஸ்வீடனுக்காவது எழுதுங்க. எழுதற வரைக்கும் இங்கயே நிக்கிறேன்."

அலுவலகத்தில் நேர்ந்த தவறு என்று எழுதினார். இரண்டு நாளில் பதில் வந்தது. இடம் நிரம்பிவிட்டது, வருத்தம். அடுத்த ஆள் எடுக்க ஒரு வருடமாகும், அதுவும், மற்ற எல்லா இடங்களையும் போல, பட்டம் வாங்கி ஐந்து வருடத்துக்குள் இருப்பவர்களுக்குத்தான். மைதிலிக்கு மார்ச்சோடு ஐந்து முடிகிறது.

ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ரிடையரான அவள் அப்பா குணசேகரன் கொதித்துப்போனார். "அந்தாளு மேல கம்ப்ளைன்ட் குடுத்தா என்ன?"

"நக்கோ நைனா, வேணாம். குடுத்தா எனக்கு இனிமே யாரு லெட்டர் எழுதுவாங்க?" சொல்லிவிட்டுத்தான், இனி யாரும் எழுதவேண்டிய அவசியமே இல்லை என்பது அவளுக்கு உறைத்தது.

ஏப்ரலில் பாலாநகரில் ஒரு மருந்துப் பரிசோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். மாத்திரை எத்தனை நிமிடத்தில் தண்ணீரில் கரைகிறது என்று பார்க்கும் வேலை.

ஜூனில் அருணாசலம் கூப்பிட்டார். "சுஷ்மான்னு புது ஸ்டூடண்ட் வந்திருக்கா. நீ கண்டுபிடிச்ச மெத்தட் இங்க யாருக்கும் சரியா வரல. சனிக்கிழமை வந்து சொல்லிக் குடுக்கிறியாம்மா?"

"முடியாது சார்."

"இவ்வளவு கோபம் ஆகாதும்மா. சயின்ஸ் எல்லாருக்கும் பொது."

மைதிலி போனை அணைத்தாள். அடுத்த மாத்திரையைத் தண்ணீரில் போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தாள்.