மிஞ்சிய மூன்று வேர்கள்

பதினோரு வருடமாக என் நாத்தனார் வெளியூர் போகும்போதெல்லாம் வீட்டுச் சாவியை எதிர்வீட்டில்தான் கொடுத்துவிட்டுப் போவார். நாங்கள் இருப்பது அடுத்த தெருவில். எல்லாம் ஒரு கள்ளிச்செடியால் வந்த வினை. கல்யாணமான புதிதில் அவர் என்னிடம் விட்டுப்போனதைத் தண்ணீர் ஊற்ற மறந்தே கொன்றுவிட்டேன். கள்ளியைக் கொல்லவும் ஒரு திறமை வேண்டும்.

இந்த முறை ஆறு மாத வேலை. எதிர்வீட்டுப் பூனை இலையைக் கடிக்கும் என்பதால் அவருடைய ஆர்க்கிட் பூச்செடி மட்டும் என்னிடம் வந்தது.

"வாரத்துக்கு ஒரு டம்ளர் தண்ணி. உன்னை நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்."

பூனை புண்ணியத்தில் கிடைத்த நம்பிக்கைதான். இருந்தாலும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஞாயிறு தவறாமல் ஊற்றினேன். ஆனாலும் இரண்டாம் மாதம் இலைகள் மஞ்சளாகித் துவண்டன. செடியை வெளியே எடுத்தால் அழுகல் வாடை குப்பென்று அடித்தது. வேரைத் தொட்டால் தோல் கையோடு வந்தது.

"யாரு இதுக்குத் தண்ணி ஊத்தினது?" என்று கத்தினேன்.

"நீ மறந்துடுவேன்னு காலையில நான் கொஞ்சம்..." என்றார் கணவர்.

மாமனார் செருமினார். "மாத்திரை போட்ட மிச்சத் தண்ணியை நானும் தினம் ஊத்துவேம்மா. உனக்குத்தான் மறதியாச்சே."

ஒரு கள்ளிச்செடிக்காக இன்னும் எத்தனை வருடம் தலைகுனிவது? கோபத்தில் எனக்கு அழுகையே வந்தது.

"கடையில இதே மாதிரி கிடைக்கும். மாத்தி வச்சிடலாம், அக்காவுக்குத் தெரியவா போகுது?" என்றார் கணவர்.

"எனக்குத் தெரியுமே!"

நான் நர்ஸ். சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்குக் கட்டுப் போடுவதுதான் தினசரி வேலை. அழுகலைப் பாவம் பார்த்து விட்டுவைத்தால் நல்லதும் சேர்ந்து போகும். கத்தரிக்கோலை ஸ்பிரிட்டில் துடைத்து வெட்ட ஆரம்பித்தேன்.

"போதும், எல்லாத்தையும் வெட்டிட்டே!" என்று கணவர் பதறினார்.

கெட்டியான வெள்ளை வேர் மூன்றுதான் மிஞ்சியது. வெட்டிய இடங்களில் சமையலறை லவங்கப்பட்டைத் தூள் தடவி, ஒரு கண்ணாடித் தொட்டியில் காய்ந்த மரப்பட்டைத் துண்டுகளோடு புதிதாக நட்டு, 'தொட்டால் கை இருக்காது' என்று தொட்டியில் எழுதி ஒட்டினேன். அன்று முதல் மாமனார் டம்ளர் தண்ணீரை முழுக்கக் குடித்தார்.

நான்காம் மாதம் ஓர் இலை உதிர்ந்தது. அன்று சாப்பாடு இறங்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு காலையில் தண்டின் அடியில் அரிசி அளவுக்குப் பச்சையாக ஒரு முனை. வேர்!

"மாமா, ஓடி வாங்க!"

மூட்டுவலிக்கார மாமனார் நிஜமாகவே ஓடி வந்தார்.

நாத்தனார் திரும்பி வந்து உட்காருவதற்குள் நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் கண்ணாடித் தொட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"நீயேவா வெட்டினே?"

"ஆமா அண்ணி. மூணுதான் மிஞ்சுச்சு."

விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். "இப்ப ஏழு இருக்கு. புது இலை வேற."

தொட்டியை மேசையிலேயே திரும்ப வைத்தார். "அடுத்த மாசம் மறுபடியும் போறேன். இது இங்கேயே இருக்கட்டும்." பிறகு கைப்பையைத் திறந்து வீட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். "இதுவும்."

பத்திரமாக வைக்கிறேன் என்று கணவர் குறுக்கே கை நீட்டினார்.

"கையை எடுங்க," என்று சொல்லி நானே வாங்கிக்கொண்டேன்.