வெள்ளோட்டம்

பிணம் வருவதற்குள் அதன் இடத்தில் படுத்துக் காட்ட ஒருவரும் சம்மதிக்காததால், அபின் தானே மேசையில் ஏறிப் படுத்தான். பாறசாலையில், இறந்துபோன வேதமாணிக்கத்தின் வீட்டு முற்றம், காலை ஒன்பது மணி. ஆண்கள் எல்லோரும் ஆஸ்பத்திரிப் பிணவறைக்குப் போயிருந்தார்கள். பெண்கள் உள்ளே ஞானப்பாட்டு பாடிக்கொண்டிருந்தார்கள். பந்தலுக்குக் கீழே வெள்ளை விரித்த மேசையும், கால்மாட்டில் அவனுடைய கேமராவும், பக்கத்து நாற்காலியில் ஒரு டேப்லெட்டும்தான் இருந்தன.

பதினோரு வருஷமாகக் கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனி ஒன்றில் சாஃப்ட்வேர் டெஸ்டர். வெள்ளோட்டம் பார்க்காமல் எதையும் வெளியே விடக்கூடாது என்பது ரத்தத்தில் ஊறிப்போன ஆள். இப்போது அங்கே ஆட்களைக் குறைக்கிறார்கள். அவர்கள் அனுப்புமுன் தானே கிளம்பிவிட வேண்டும் என்பது அவன் கணக்கு. வளைகுடாச் சொந்தங்களுக்குச் சாவு வீட்டை நேரலையில் காட்டும் தொழில் இந்தப் பக்கம் சக்கைப்போடு போடுகிறது. சவப்பெட்டியும் ஆம்புலன்ஸும் வைத்திருக்கும் ஓமனாவிடம் சனி ஞாயிறுகளில் போய்ப் பழகினான். தனியாக எடுப்பது இன்றுதான் முதல்முறை. ஒழுங்காக நடந்தால் அடுத்த மாதத்திலிருந்து கழக்கூட்டத்துச் சம்பளமே தருவதாக ஓமனா வாக்குக் கொடுத்திருந்தாள்.

மனைவி ஷாலுவுக்கு இந்தத் தொழிலே அருவருப்பு. நேற்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள். "நான் லைவ் பாப்பேன். கொள்ளாம், நல்லாருக்குன்னு எனக்குத் தோணினா மட்டும் ஆபீஸ் வேலைய விடுங்க. இல்லேன்னா இந்தப் பேச்சு இனி வீட்டுல வேண்டாம்."

கேமராவில் வெள்ளைத் துணிக்கு நடுவே முகம் கறுத்துத் தெரியும். சாவு வீட்டார் அதை மட்டும் மன்னிக்கமாட்டார்கள். அதனால் அபின் துணியைத் தாடைவரை இழுத்துக்கொண்டு, கைகளை மார்பில் கோர்த்து, கண்ணை மூடினான். முகத்தில் வெளிச்சம் எப்படி விழுகிறது என்று பார்க்க ஒரு கண்ணை மட்டும் லேசாகத் திறந்து டேப்லெட்டை நோக்கினான்.

பார்ப்பவர்கள் அறுபத்தொன்று என்றிருந்தது.

சோதனைக்கென்று தனி லிங்க் உண்டாக்கி வைத்திருந்தான். நேற்றே ஓமனா சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் அனுப்பிவிட்ட அசல் லிங்கை அவசரத்தில் அழுத்தியிருக்கிறான். பாய்ந்து நிறுத்திவிடலாம்தான். ஆனால் அறுபத்தொரு பேர் பார்க்கப் பிணம் எழுந்து உட்காரும். அதோடு ஓமனாவும் போவாள், சம்பளமும் போகும். யாராவது ஆள் மாறியிருக்கிறது என்று எழுதினால், சோதனை என்று சொல்லிச் சிரித்து எழுந்துவிடலாம். அதற்காகக் காத்திருந்தான்.

குவைத்திலிருந்து வேதமாணிக்கத்தின் தங்கை ஜெயஷீலா எழுதினாள். "அண்ணன் மொகத்துல ஒரு மாற்றமும் இல்ல. ஒறங்குற மாதிரியே இருக்கு."

வேதமாணிக்கத்துக்கு ஐம்பத்துமூன்று வயது. அபினுக்கு முப்பத்தெட்டு. ஜாடை என்று மருந்துக்கும் கிடையாது. ஆனாலும் அஞ்சலிகள் வந்துகொண்டேயிருந்தன. யாரோ ஒருவர், கூடப் படித்த நாட்களிலும் இதே முகம்தான் என்றார். எண்ணிக்கை நூறைத் தாண்டியது. உள்ளே பாட்டு நின்று ஜெபம் தொடங்கியது.

பிறகு ஷாலுவின் பெயர் வந்தது. அபினுக்கு உயிர் திரும்பி வந்ததுபோல இருந்தது. பன்னிரண்டு வருஷம் ஒரே கட்டிலில் படுத்தவள். ஒரு பார்வை போதும், பதறிப்போய்க் கூப்பிடுவாள். சட்டைப்பையில் போன் அதிருமென்று நெஞ்சைக் கவனித்தபடி கிடந்தான்.

போன் அதிரவில்லை. டேப்லெட்டில்தான் வரி வந்தது.

"மொகம் நல்ல தெளிவா இருக்கு. இந்த வேல கொள்ளாம். கண்ணீர் அஞ்சலி."

எழுந்திருக்க நினைத்தான். கோர்த்த விரல்கள் பிரியவில்லை. பயமா, கெட்டியாகிப்போன அந்தச் சம்பளமா, எது பிடித்து வைத்திருக்கிறதென்று அவனுக்கே விளங்கவில்லை. தெருமுனையில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டது. டேப்லெட்டில் தெரிந்த முகத்தில் ஓர் ஈ வந்து உட்கார்ந்தது. உதட்டில் தொடங்கி மூக்கோரமாக ஏறி, மூடாமல் விட்டிருந்த அந்தக் கண்ணை நோக்கி நிதானமாக நடந்தது. அபின் மூச்சை இன்னும் கொஞ்சம் மெதுவாக்கினான்.