ஜிம்மியின் அட்டை

எங்கள் நாய் பஹ்மிதாவைக் கடித்தபோது நான் முதலில் ஓடியது சவர்க்காரம் எடுக்கத்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதற்குப் பிறகு நான் செய்தவற்றில் வெளியே சொல்லும்படி ஒன்றும் இல்லை.

நுரைச்சோலைக் கரையில் எங்களுக்கு ஓலைக் கொட்டிலும் காயப்போடும் இடமுமாக ஒரு மீன் வாடி இருக்கிறது. என் புருசன் கில்பட் கொண்டுவரும் மீனில் விலைபோகாததைக் கீறி, உப்புப் போட்டுக் காயவைப்பது என் வேலை. உதவிக்குக் கரைத்தீவிலிருந்து பஹ்மிதா வருவாள். ஆறு வருடமாக ஒரே பலகையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து மீன் கீறுகிறோம். வாடியில் ஜிம்மி, ரொமி என்று இரண்டு நாய்கள். ஒரே தாயின் குட்டிகள், இரண்டும் ஒரே மண்ணிறம். நாய் கிட்ட வந்தால் பஹ்மிதா உடுப்பை ஒதுக்கிக்கொள்வாள். ஆனாலும் கீறிய மீனின் குடலை அவற்றுக்குத் தள்ளி நின்று எறிவது அவள்தான்.

அன்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனவள், படுத்திருந்த ரொமியின் வாலை மிதித்துவிட்டாள். ரொமி திரும்பி அவள் கெண்டைக்காலைப் பிடித்தது. இரண்டு பல் நன்றாக இறங்கியிருந்தது. குழாயடியில் இருத்திக் கால்மணி நேரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினேன்.

"அக்கா, இது ஊசி போட்ட நாயா?" என்று கேட்டாள்.

இல்லை. ஊசி போடுகிறவர்கள் கரைக்கு வந்த இரண்டு வருடமும் ஜிம்மி மட்டும்தான் நின்றது. ரொமி வள்ளத்தில் ஏறிக் கில்பட்டோடு கடலுக்குப் போய்விடும். பிறகு கொண்டுபோய்ப் போட்டிருக்கலாம். போடவில்லை. உப்புத் தண்ணீரில் நனைகிற நாய் விசர் பிடித்து வெறிநாய் ஆகாது என்று எங்கள் கரையில் ஒரு கதை உண்டு. எவன் கிளப்பிவிட்டானோ தெரியாது, ஆனால் என் சோம்பலுக்கு அது வசதியாக இருந்தது.

"போட்டது. அட்டை இருக்கு," என்றார் பின்னால் வந்து நின்ற கில்பட். சொன்னது அவர் வாய். பிஸ்கட் டின்னிலிருந்து அட்டையை எடுத்து வந்தது என் கை. ஆண், மண்ணிறம், உரிமையாளர் எமிலியா என்று என் பெயரும் அதில் எழுதியிருந்தது; நாயின் பெயர் இல்லை. எந்த நாய் என்று யார் கண்டார்கள்?

ஆஸ்பத்திரியில் டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். இரண்டு வருடமும் ஒழுங்காகப் போட்டிருப்பதால் இப்போதைக்கு விசர் ஊசி வேண்டாம், நாயைக் கட்டிப்போட்டுப் பதினான்கு நாள் பாருங்கள் என்றார். நாய் நோய்ப்பட்டாலோ செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வரவேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். பக்கத்தில் நின்று நானும் தலையாட்டினேன்.

பின்னேரம் அவளுடைய தம்பி ஸஜீத் வந்தான். புத்தளத்தில் ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தராக இருப்பவன்.

"எமிலியாக்கா, நாய் கடிச்சா சொந்தக்காரர் கவனமா இருந்தாரா இல்லியா எண்டு சட்டம் கேக்கிறதில்ல. நாய் உங்கட எண்டா பொறுப்பும் உங்கட. ஊசி போடாத நாய் எண்டா அது வேற குற்றம். உங்ககிட்டத்தான் அட்டை இருக்கே. பொலிசுக்குப் போக வேணாம் எண்டு பஹ்மிதா ராத்தாவும் சொல்லிட்டா," என்றான்.

அவன் போனதும் கில்பட், "வாலை மிதிச்சது அவதானே. வழக்கெண்டு வந்தா அதையும் சொல்லலாம்," என்றார்.

"வாயை மூடிக்கொண்டு இருங்க," என்றேன். அவர் மேல் வந்த கோபமில்லை அது. அதே நியாயத்தை நானும் மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன்.

ஐந்தாம் நாள் காலையில் கயிறு கடிபட்டுக் கிடந்தது. ரொமியைக் காணவில்லை. வள்ளங்கள் போன திசையில் கரையோடு ஓடியதை யாரோ கண்டிருக்கிறார்கள். கந்தக்குளி வரைக்கும் தேடினோம், கிடைக்கவில்லை. வாடிக்குத் திரும்பி, பஹ்மிதாவிடம் சொல்லப் பஸ் ஏறுவதற்காகச் செருப்பைப் போட்டேன். அதற்குள் கில்பட் ஜிம்மியைக் கொண்டுவந்து ரொமியைக் கட்டியிருந்த கம்பத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒம்பது நாள்தானே. நேத்தும் நல்லாத் திண்டது. ஒண்டும் வராது, சும்மா இரு."

நான் செருப்பைக் கழற்றினேன்.

மறுநாள் பஹ்மிதா, கடிபட்ட பிறகு முதல் தடவையாக வேலைக்கு வந்து, கட்டியிருந்த நாயைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"சாப்பிடுதா அக்கா?"

"ஓம், நல்லாச் சாப்பிடுது."

ஒரு மீன்தலையை எறிந்தாள். ஜிம்மி வாலை ஆட்டியது. அவள் பலகைக்கு வந்து உட்கார்ந்தாள். நான் அன்று முழுவதும் தேவையில்லாமல் கதைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில். அதற்கடுத்த நாளும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலில், சுவாமியிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது விலகி வந்துவிட்டேன். போய் அவளிடம் சொல் என்றுதான் சுவாமி சொல்வார். அதைத் தெரிந்துகொள்ள எனக்குச் சுவாமி வேண்டியதில்லை.

பன்னிரண்டாம் நாள் வெயில் அதிகம். தலை இடிக்கிறது என்றாள் பஹ்மிதா. கோப்பையில் தண்ணீர் வார்த்துக் கொடுத்தேன். வாய் வரைக்கும் கொண்டுபோனவள், முகத்தைச் சுளித்துக் கீழே வைத்துவிட்டாள். குடிக்கவில்லை.

விசர் பிடித்தவர்களுக்குத் தண்ணீரைக் கண்டால் என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். கத்தியைப் பலகையில் போட்டுவிட்டு எழுந்தேன்.

"பஹ்மிதா, எழும்பு. ஆஸ்பத்திரிக்குப் போவம். கட்டியிருக்கிறது ரொமி இல்லை. ரொமி ஓடி ஒரு கிழமையாச்சு. உன்னைக் கொல்லப் பாத்திட்டன் பிள்ளை."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "தண்ணிக்குள்ள எறும்பு கெடக்கு அக்கா," என்றாள்.

பிறகு சட்டைக் கையை மேலே சுருட்டிக் காட்டினாள். தோளில் ஊசி போட்ட சின்னத் தடிப்பு தெரிந்தது.

"நாயை மாத்திக் கட்டினதக் கண்ட அண்டைக்கே போய்ப் போட்டுட்டேன். நாயைக் காணல எண்டு டாக்டர்ட்ட சொன்னேன். ரெண்டு தடவ போட்டாச்சு, நாளைக்கு மூணாவது. ஆறு வருசமா அதுகளுக்குத் தீனி போடுறவ நான். எனக்கு எது ஜிம்மி எண்டு தெரியாதா?"

"அப்ப ஏன் பிள்ளை ஒண்டும் கேக்கேல்ல?"

"தெனமும் கேட்டேனே. சாப்பிடுதா எண்டு."

ஏழு நாள் காலையில் அவள் கேட்டிருக்கிறாள். ஏழு நாளும் நான் ஓம் சொல்லியிருக்கிறேன். அவள் என்னை மன்னிக்கத் தயாராகவே வந்து உட்கார்ந்திருந்தாள் என்பதும் அவள் குரலில் தெரிந்தது. அந்த இடத்தில் அழுதுவிட்டு நிறுத்தியிருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

ஆனால் அவளுக்குத் தெரியாதது இன்னும் ஒன்று இருந்தது.

"அந்த அட்டையும் ஜிம்மியுடையது," என்றேன். "ரொமிக்கு ஒரு நாளும் ஊசி போட்டதில்லை."

பஹ்மிதா கையை மெதுவாகக் கீழே இறக்கினாள். விரலை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"அப்ப மொத நாளே நான் போட்டிருக்கணும். அஞ்சு நாள் சும்மா இருந்திருக்கேன்," என்றாள். "எனக்குப் பக்கத்துல நிண்டு தலையாட்டினீங்களே அக்கா."

அவள் கத்தியைக் கழுவித் துடைத்துப் பலகையில் வைத்தாள். பையை எடுத்துக்கொண்டாள்.

"அதையும் டாக்டருக்குச் சொல்லோணும். நாளைக்கு நானும் கூட வரட்டா?" என்று அவள் பின்னால் நடந்துகொண்டே கேட்டேன்.

"நானே சொல்லிக்கிறேன். வேணாம்," என்றாள், திரும்பிப் பார்க்காமல்.

மறுநாள் கில்பட் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல, அட்டையை எடுத்துக்கொண்டு பொலிசுக்குப் போனேன். நாய் கடித்த விசயம் என்றேன். மேசையில் இருந்தவர் அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

"கடிபட்டவங்க வரலையா?"

"அவ ஊசி போடப் போயிருக்கிறா."

"நாய் யாரோட?"

பஹ்மிதா குழாயடியில் இருந்து கேட்டபோது சொல்லியிருக்க வேண்டியது. பன்னிரண்டு நாள் பிந்தி, யாரோ ஒரு பொலிஸ்காரருக்குச் சொன்னேன்.

"என்ர நாய். ஊசி போடாத நாய்."