வீட்டுக்காரர் பிடித்த தண்ணீர்

பாட்டில் கறுக்கவில்லை. தையல்காரிக்கு அதுதான் வயிற்றெரிச்சல்.

விரல் நீளக் கண்ணாடிப் பாட்டில், அடியில் மருந்து தடவிய காகிதம். குழாய்த் தண்ணீரைக் கோடு வரை பிடித்து, இறுக மூடி, வெதுவெதுப்பான இடத்தில் ஒரு நாள் வைத்துவிட வேண்டும். தண்ணீரில் சாக்கடை கலந்திருந்தால் மை மாதிரி கறுத்துவிடும், நல்ல தண்ணீரென்றால் அப்படியே இருக்கும். மகளுக்கு இரண்டாவது முறை வயிற்றுப்போக்கு வந்தபோது கிளினிக் நர்ஸ் கொடுத்தது இது. "கை பட்டுடாம சுத்தமா பிடிங்கக்கா" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

தையல்காரி சும்மா இருக்கிற ரகமில்லை. "தொட்டித் தண்ணி நாறுது, நிரூபிச்சுக் காட்டறேன் பாருங்க" என்று மாடிப்படியில் நின்று கட்டடமே கேட்கச் சொல்லியிருந்தாள். இப்போது அதே படியில் வீட்டு ஓனர் அந்தப் பாட்டிலை அவளிடமிருந்து வாங்கி விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"எல்லாரும் பாத்துக்குங்க! கண்ணாடி மாதிரி இருக்கு என் தண்ணி. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். பாத்திரம் கழுவத் தெரியாம என் தொட்டியைக் குத்தம் சொல்றாங்க."

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காது மடல் வரை சூடேறியது. பக்கத்தில் நின்ற கணவர், "விடும்மா, அதான் நல்ல தண்ணின்னு தெரிஞ்சுபோச்சே" என்று அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்.

கணவருக்கு அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கும் வேலை. மற்றவர் கண்ணில் படாத ஒற்றெழுத்துப் புள்ளி அவர் கண்ணில் பட்டுவிடும். அதனால் அங்கே அவருக்குப் 'புள்ளி' என்றே பெயர். வாயில் விரல் வைத்தால் கடிக்கத் தெரியாத மனிதர் என்று பெயர் எடுத்தவர். இந்த உலகத்தில் அப்படிப்பட்டவர்களிடம்தான் அதிக ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

பாட்டிலே சொல்லிவிட்ட பிறகு எதற்குச் சமையல் கேஸை வீணாக்குவது? தையல்காரி தண்ணீர் காய்ச்சுவதை நிறுத்தினாள். மகள் பள்ளியிலிருந்து வந்து தண்ணீர் கேட்டபோதெல்லாம் குழாயில் பிடித்து நேராகக் கொடுத்தாள். அந்த வாரம் முடிவதற்குள் பிள்ளை துவண்டு விழுந்தாள். கண்கள் குழி விழுந்துபோயின. கையில் குளுகோஸ் ஏற்றிக் கிளினிக்கில் படுக்க வைத்தார்கள்.

நர்ஸ் குளுகோஸ் சொட்டும் வேகத்தைச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"பாட்டில் கறுக்கவே இல்லையா? நம்பவே முடியலையே. நீங்கதானேக்கா தண்ணி பிடிச்சீங்க?"

"இல்லம்மா, என் கையெல்லாம் மெஷின் எண்ணெய். எங்க வீட்டுக்காரர்தான் பிடிச்சார்."

நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "என்னக்கா நீங்க! அவரையே பிடிக்கச் சொன்னா காய்ச்சின தண்ணியை ஊத்தி வெச்சிருப்பார். தொட்டியைச் சரிபண்ற செலவு யாருக்கு? அவருக்குத்தானே?"

"அய்யோ, வீட்டு ஓனர் இல்லம்மா! என் புருஷன்" என்று சொல்லித் தையல்காரி சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே நின்றது.

கொடு, நான் பிடிக்கிறேன் என்று அன்றைக்கு அவராகத்தானே வந்து வாங்கினார்? துணி காயப்போடக்கூட எழுந்திருக்காத மனிதர். பிறகு அடுப்படியில் காய்ச்சிய தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடி சத்தம் கேட்டதே. குடிக்கிறார் என்றல்லவா நினைத்தாள்?

பிள்ளையை வீட்டுக்குக் கூட்டி வந்து படுக்கவைத்ததும் அடுப்படியிலேயே அவரைப் பிடித்துக்கொண்டாள்.

"பாட்டில்ல எந்தத் தண்ணியை ஊத்துனீங்க?"

"நர்ஸ் சுத்தமான தண்ணி பிடிக்கச் சொன்னதா நீதானே..."

"சுத்தமா பிடிக்கச் சொன்னா. சுத்தமான தண்ணியைப் பிடிக்கச் சொல்லலை. ஒரு புள்ளி விட்டுப்போனா சோறு இறங்காது உங்களுக்கு. இந்த ஒரு எழுத்து மட்டும் கண்ணுல படலையா?"

அவர் குழாயைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், அவளைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தார். பிறகு முணுமுணுத்தார். "பாட்டில் கறுத்தா வீட்டைக் காலி பண்ணணும்னு ஓனர் சொன்னார். இந்த வாடகைக்கு வேற எங்க போறது? பாப்பாவுக்குத்தான் காய்ச்சிக் குடுக்கறோமேன்னு நினைச்சேன்."

"காய்ச்சறதை நிறுத்தினேனே! நீங்க பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? உங்க கண்ணு முன்னாடிதானே குழாய்த் தண்ணியை அவ கையில குடுத்தேன்?"

அவர் தண்ணீர்ப் பாத்திரத்தின் மூடியைத் திருப்பித் திருப்பி வைத்தார்.

"அந்தத் தண்ணியை நீங்க குடிச்சீங்களா?"

அவர் மூலையில் கிடந்த தன் பையைக் காலால் பின்னுக்குத் தள்ளினார். அச்சகத்திலிருந்து அவர் தினமும் பையில் குடிக்கத் தண்ணீர் கொண்டுவந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஓனர் அயலார், அவர் காசுக்காகச் செய்தார். இது வேலியே பயிரை மேய்ந்த கதை. கையில் கிடைத்த கரண்டியை எடுத்து எறிந்தாள். அவர்மேல் படவில்லை. படவில்லையே என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

மறுநாள் நர்ஸிடம் இன்னொரு பாட்டில் வாங்கி வந்தாள். கைகளைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். கீழ்வீட்டு ஆசிரியையையும் எதிர்வீட்டு டிரைவரையும் அழைத்து, அவர்கள் பார்க்கத் தண்ணீர் பிடித்தாள். பாட்டில் ஆசிரியை வீட்டிலேயே இருந்தது. விடிந்தபோது கன்னங்கரேலென்று கறுத்திருந்தது.

ஓனர் வீட்டுக் கதவைத் தட்டிப் பாட்டிலை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். "இப்பச் சொல்லுங்க, கோணல் எது? கூடமா, நீங்களா?"

"பிடிக்கலைன்னா காலி பண்ணும்மா" என்றார் அவர்.

"அப்போ காலி பண்றவங்கள்ல எங்களையும் சேத்துக்குங்க" என்றார் பின்னால் நின்ற ஆசிரியை. அவருடைய கைக்குழந்தைக்கும் ஒரு மாதமாக அதே தொல்லை. டிரைவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். மதியமே பிளம்பர் வந்தார். தரைத்தொட்டிக்குப் பக்கத்தில் தோண்டியபோது கழிவறைக் குழாய் விரிசல் விட்டுக் கசிந்துகொண்டிருந்தது.

கட்டடமே அவளைப் புகழ்ந்தது. அவளுக்கு அது காதில் ஏறவில்லை. கணவருக்குச் சோற்றைத் தட்டில் போட்டு, முகம் பார்க்காமல் மெஷினுக்குப் போனாள்.

சாயங்காலம் மகள் தாகமென்றாள். தையல்காரி மெஷினை விட்டு எழுவதற்குள் அவரே ஓடினார். தாயும் மகளும் பார்க்க தண்ணீரைத் தளதளவென்று கொதிக்க வைத்து, ஆற்றி, டம்ளரில் ஊற்றிக் கட்டிலருகே கொண்டுபோய், "குடிடா செல்லம்" என்று நீட்டினார்.

பிள்ளை டம்ளரை வாங்கவில்லை. அப்பாவின் தோளுக்கு மேலாகத் தாயைப் பார்த்தாள்.

"அம்மா, அப்பா குடுக்கறாங்க. குடிக்கலாமா?"

அவர் நீட்டிய டம்ளரோடு திரும்பி அவளைப் பார்த்தார். தையல்காரி மெஷினில் நூலைக் கோக்கத் தொடங்கினாள். அவர் கொஞ்ச நேரம் அப்படியே நிற்கட்டும் என்று விட்டுவிட்டாள்.