கூடுதல் க்

கல்லூரி அட்டெண்டர் ஐந்தாம் வகுப்போடு நின்றவர். படித்தவர்களை அவர் நம்புவதில்லை; படித்தவர்கள் கும்பலாக உட்கார்ந்திருந்தால் கிட்டவே போகமாட்டார். தமிழம்மாவின் வழியனுப்பு விழாச் சுற்றறிக்கையோடு ஆசிரியர் அறைக்குப் போகவேண்டியிருந்தது, போனார். முப்பது பேர் வாங்கினார்கள், கையெழுத்துப் போட்டார்கள், சாப்பாடு உண்டா என்று கேட்டார்கள். ஒருத்தரும் படிக்கவில்லை.

தமிழம்மா படித்தார். சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"வேணாம்மா. முதல்வர் கைப்பட எழுதினது. ஓய்வுக்கப்புறம் நீங்க கேட்ட ஒரு வருச நீட்டிப்புக் கடுதாசி அவர் மேசையிலதான் கெடக்கு. இன்னைக்குக் கையெழுத்துப் போடறேன்னாரு."

"'கலந்துக் கொள்ளவும்'னு எழுதியிருக்காரே அண்ணே. நடுவுல இந்த க் எதுக்கு?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டும். உங்க வீட்டுச் சோத்தையா திங்குது?"

முப்பத்துமூன்று வருடமாகக் கட்டுரை நோட்டுகளில் அந்த ஒற்றெழுத்தை அடித்து அடித்தே அம்மாவின் கண்ணாடி தடித்துப்போனது. அவரிடம் அடிவாங்கியவர்களில் பாதிப் பேர் இப்போது இதே அறையில் உட்கார்ந்து, அதே தப்பைச் சம்பளத்துக்கு எழுதுகிறார்கள். இந்த லட்சணத்தில் இன்னும் ஒரு வருடம் வேண்டுமாம். இரண்டாம் வருடப் பிள்ளைகள் பாதிப் பாடத்தில் நிற்கிறார்களாம்.

"இதை விட்டுட்டு, அந்தப் புள்ளைங்களுக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு மார்க் கொறைப்பேன்?" என்றார் அம்மா. அடித்துவிட்டார்.

முதல்வர் பெயருக்கு முன்னால் டாக்டர் பட்டம் போட்டுக்கொள்பவர். திரும்பி வந்த சுற்றறிக்கையில் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் முகம் கடுகடுத்தது.

"எப்படி எழுதினா என்னய்யா, புரியுதுல்ல?" என்றவர், நீட்டிப்புக் கடிதத்தை எடுத்து இரண்டாகக் கிழித்தார். "வயசாயிடுச்சு. வீட்டுல ஓய்வெடுக்கட்டும்."

பட்டம் வாங்கின புத்தி, என்று நினைத்துக்கொண்டே அட்டெண்டர் திரும்பினார். சொல்லவேண்டியதை மழுப்பாமல் சொன்னார்.

தமிழம்மா சிவப்புப் பேனாவை மறுபடி திறந்தார்.

"அறிவிப்புப் பலகையில எத்தனை ஒட்டியாச்சுண்ணே?"

"பதினாலு."

அம்மா எழுந்தார். படிச்ச பைத்தியம் என்று வாய்க்குள்ளேயே திட்டினார் அட்டெண்டர்.

"எல்லாம் கண்ணாடி போட்டுப் பூட்டின பலகைம்மா. சாவி எங்கிட்ட இருக்கு. மாடியிலேருந்து ஆரம்பிக்கலாம், வாங்க."