தையற்கடைக்கு அடியில் ஓடிய ஆறு

கணவனும் மனைவியும் ஒரே தொழிலில் இருந்தால் வீட்டில் சண்டைக்குப் பஞ்சமே இருக்காது. இவர்கள் இருவரும் ஆற்று ஆராய்ச்சியாளர்கள். அதனால் சண்டை பனியுகத்திலிருந்து தொடங்கும்.

கடைசிப் பனியுகம் முடிந்து பூமி சூடேறியதும் ஆறுகள் கையோடு மாறிவிட்டன என்பது அவள் கட்சி. அதுவரை மொட்டை மலைகளிலிருந்து சரிந்து விழுந்த கல்லையெல்லாம் சுமந்துகொண்டு, பள்ளத்தாக்கு முழுக்கப் பல கிளைகளாகப் பிரிந்தும் சேர்ந்தும் ஓடிக்கொண்டிருந்தவை, ஒரே தடமாக ஒடுங்கி, தரையை அரித்து இறங்கி, வளைந்து வளைந்து போகத் தொடங்கின. கையோடு என்ற பேச்சுக்கே இடமில்லை என்பது அவர் கட்சி. மலையில் மரம் முளைக்க வேண்டும், வேர் மண்ணைப் பிடிக்க வேண்டும், கல் சரிவது நிற்க வேண்டும். அதற்குள் ஆயிரம் வருடமாவது போயிருக்கும். ஒரு கருத்தரங்கில் இதைச் சொல்லித்தான் இருவரும் முதன்முதலாக மோதிக்கொண்டார்கள். பிறகு காதல் வந்தது, கல்யாணம் நடந்தது, மகள் பிறந்து பள்ளிக்கூடமும் போய்விட்டாள். அந்த ஆயிரம் வருடம் மட்டும் தீர்ந்தபாடில்லை.

இந்த நிலையில்தான் அவளுடைய அக்கா போன் செய்தாள். அக்கா தையற்காரி. முன்னறை முழுக்கத் துணி மூட்டை குவிந்து, அத்தான் தம் செருப்பைத் தேடவே தினமும் அல்லாடுகிறார் என்பதால், வீட்டுக்குப் பின்னால் தனியாக ஒரு தையற்கூடம் கட்ட முடிவாகியிருந்தது. அஸ்திவாரத்துக்குத் தோண்டியபோது இடுப்பளவு ஆழத்தில் வழவழவென்று கூழாங்கற்கள் வந்தனவாம்.

"ஆறு எங்கேயோ ஓடுது. கல்லு எங்க வீட்டுப் பின்னால கிடக்கு. நீங்க ரெண்டு பேரும் இதுக்குத்தானே சம்பளம் வாங்குறீங்க? வந்து பாருங்க" என்றாள்.

சனிக்கிழமை காலை போய்ச் சேர்ந்தார்கள். வந்ததும் அவள் கணவர் காப்பிகூடக் குடிக்காமல் குழிக்குள் இறங்கிவிட்டார். பனியுகத்து ஆறு கொண்டுவந்து கொட்டிய கல்தான், சந்தேகமே இல்லை. அத்தானுக்கு மருந்துக்கடை, கல் ஆராய்ச்சியில் அவருக்கு அக்கறை கிடையாது. கெட்டித் தரை வந்துவிட்டது, திங்கட்கிழமை கான்கிரீட் போட்டுவிடலாம் என்று மேஸ்திரி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டார். மேஸ்திரி சொல்வது சரிதான் என்று குழிக்குள்ளிருந்து அவள் கணவரும் தலையாட்டினார்.

அவளுக்கு மனம் ஆறவில்லை. கல் எதுவரை போகிறது என்று பார்க்காமல் திரும்பினால் ஒரு வாரத்துக்குத் தூக்கம் வராது. இன்னும் கொஞ்சம் தோண்டலாமா என்று அக்காவிடம் கெஞ்சினாள். சின்ன வயதில் பொம்மைக்கு உடம்பு சரியில்லை என்று அதன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தவள்தானே என்று சலித்துக்கொண்டாலும், அக்கா மண் தோண்டும் இயந்திரத்தை ஓட்டியவரிடம் சைகை காட்டினாள்.

முழங்கால் உயரத்துக்குக் கூழாங்கல். அதன் கீழே சாம்பல் நிறத்தில் பிசுபிசுவென்று களிமண், அதற்குள் கறுத்துப்போன இலைகளும் குச்சிகளும். அதற்கும் கீழே மறுபடி கூழாங்கல்.

கணவனும் மனைவியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கல் குளிர்ந்த காலத்து ஆற்றின் அடையாளம், களியும் இலையும் சூடான காலத்து ஆற்றின் அடையாளம். மேலே கல், நடுவில் களி, கீழே கல் என்றால், ஆறு ஒரு தடவை அல்ல, இரண்டு தடவை மாறியிருக்கிறது.

அக்கா குனிந்து களிமண்ணில் கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். விரல் முழுசாக உள்ளே போயிற்று. அவள் முகம் மாறிவிட்டது.

"இதுக்கு மேலயா என் மெஷினையெல்லாம் வைக்கச் சொன்னீங்க?"

மேஸ்திரியை வரவழைத்தார்கள். அவர் ஒரு கம்பியைக் களியில் செருகிப் பார்த்தார், காதைச் சொறிந்துகொண்டார், பிறகு கட்டடத்தைப் பக்கவாட்டுக்கு மாற்றிவிடலாம் என்றார். அங்கே ஒரு குழி தோண்டிப் பார்த்ததில் களி இல்லை, ஆழம்வரை கல்லேதான். அக்காவுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

அடுத்து, கல்லும் களியும் எப்போது படிந்தன என்று அறிய அவற்றுக்கு இடையிலிருக்கும் மணலை எடுக்க வேண்டும். மணல் துகள் கடைசியாக எப்போது வெயிலைப் பார்த்தது என்று அவள் கணவரின் ஆய்வகத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் எடுக்கும்போது கொஞ்சம் வெளிச்சம் பட்டாலும் கதை கந்தல். வெளிச்சம் படாமல் மணலை எடுக்கக் கல்லுக்கு நடுவில் அடித்த இரும்புக் குழாய் வாய் கோணிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அக்காவின் கறுப்பு லைனிங் துணியை நாலாக மடித்துப் போர்த்திக்கொண்டு, மங்கலான சிவப்பு விளக்கோடு கணவனும் மனைவியும் குழிக்குள் நுழைந்தார்கள். அக்காவும் அத்தானும் வெளியே ஓரங்களை மிதித்துக்கொண்டு நின்றார்கள். மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் என்ன விசேஷம் என்று கேட்க, உள்ளே ஆராய்ச்சி நடக்கிறது என்று அத்தான் முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னார்.

உள்ளே புழுக்கம் தாங்கவில்லை. அவள் மணலைச் சுரண்டிப் பையில் போட்டபடி மெதுவாகக் கேட்டாள்.

"நீங்க சொன்னதுதான் சரின்னு வந்துட்டா?"

"வந்தா என்ன? சோறு போடமாட்டியா?"

அவள் சிரித்தாள். ஆனாலும் ஆறு கையோடு மாறியது என்பது படிக்கிற காலத்திலிருந்து அவள் பிடித்துக்கொண்டு நிற்கும் முடிவு.

ஆய்வக முடிவு வர மழைக்காலம் ஆகிவிட்டது. அவர் தாளை அவள் மேசையில் வைத்தார். அவள் படித்தாள். முதல் தடவை பூமி சூடேறியபோது ஆறு ஆயிரம் வருடத்துக்கும் மேல் தன் பழைய போக்கிலேயே ஓடியிருந்தது. அவர் சொன்னதுதான். பிறகு குளிர் திரும்பி வந்திருக்கிறது. ஆறும் மறுபடி கல்லைச் சுமந்துகொண்டு கிளை பிரிந்திருக்கிறது. இரண்டாம் தடவை சூடேறியபோதோ, இடைவெளியே கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் கையோடு மாறியிருந்தது. அது அவள் சொன்னது.

அவள் தாளை மறுபடி முதலிலிருந்து படித்தாள்.

"மரம்தாங்க" என்றாள் கடைசியில். "ரெண்டாம் தடவை மரம் முழுசா அழிஞ்சிருக்காது. மலை இடுக்குல அங்கங்கே ஒண்டிக்கிட்டு நின்னிருக்கும். விதை பக்கத்துலேயே இருந்திருக்கு, ஆறு காத்திருக்க வேண்டி வரல."

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அது தனக்குத் தோன்றவேயில்லை என்று ஒப்புக்கொண்டார். களியிலிருந்து எடுத்துவந்திருந்த இலைகளைப் பரப்பி வைத்து, அவை எந்தெந்த மரத்தினுடையவை என்று சாயங்காலம்வரை இருவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பாதி தோற்றதில் தனக்கு வருத்தமே இல்லை என்பது அவளுக்கே வியப்பாக இருந்தது.

அக்காவிடம் போனில் சொன்னபோது அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். உங்கள் இருவருக்கும் சமாதானம் ஆகிவிட்டதென்றால் நல்லது, குழியை எப்போது மூடுவது, மழைத்தண்ணீர் நின்று தவளை கத்துகிறது என்றாள்.

அந்த வார இறுதியில் போய் மூடினார்கள். பக்கவாட்டில் புதுத் தையற்கூடத்துக்குச் சுவர் பாதி எழும்பியிருந்தது. கடைசி மண் விழும்வரை அவள் குழியோரத்திலேயே நின்றாள். பிறகு காலைக் கழுவிக்கொண்டு சாப்பிடப் போனாள்.